மின்கிட்டார் வந்த வழி – 9: சண்முகானந்தா மேடையில் ஒரு மெட்ராஸ் குரல்

1970இல் வெளிவந்த 'சிம்லா பீட் 70' என்ற எல்.பி. இசைத்தட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு சிகரெட். கல்கத்தா வர்ஜீனியா ஹவுஸில் தலைமையகம் வைத்திருந்த இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி, கிட்டாரும் டிரம்ஸும் வைத்து வாசிக்கும் 'பீட் குரூப்'புகளுக்கு, 'சிம்லா' சிகரெட்டின் பெயரில் நாடு முழுவதற்குமான போட்டி ஒன்றை நடத்தியது. அதே 1970இல்தான் அந்தக் கம்பெனி இந்தியா டொபாக்கோ கம்பெனி என்று பெயரை மாற்றிக்கொண்டது, இன்று ஐ.டி.சி. என்று நாம் சொல்வது அதைத்தான். பெருநகரங்களில் வட்டாரச் சுற்று நடக்கும். தேறியவர்கள் ரயிலேறி பம்பாய்க்குப் போய் இறுதிச் சுற்றில் வாசிப்பார்கள். 70, 71 என்று ஆண்டுக்கொரு தட்டாக இரண்டு எல்.பி. வந்தன. நம் நாட்டுப் பையன்கள் அந்தக் காலத்தில் ராக் இசையை எப்படி வாசித்தார்கள் என்று கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்க நம்மிடம் மிச்சமிருப்பவை மிகக் கொஞ்சம். இருப்பதில் முதலில் கைக்கு வருவது இந்த இரண்டு தட்டுகள்தான்.

இறுதிச் சுற்று நடந்த அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பம்பாய் மாதுங்கா, சயன் பகுதிகளில் குடியேறிய தமிழர்களும் மற்ற தென்னிந்தியர்களும் 1952இல் ஒன்றுசேர்ந்து அமைத்தது ஸ்ரீ சண்முகானந்தா சபை. பிழைக்கப் போன ஊரில் நம் சங்கீதத்துக்கு ஒரு வீடு வேண்டும் என்ற ஏக்கத்தில் பிறந்த சபை அது. 1963இல் அவர்களுடைய பெரிய அரங்கம் திறக்கப்பட்டது. கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் என்று கட்டிய மேடை. தம்பூராவின் சுருதி நிறைந்து நின்ற அந்தக் கூடத்தில், தோள்வரை முடி வளர்த்த பையன்கள் ஆம்ப்ளிஃபயரை இறக்கி, டிரம்ஸைப் பூட்டி, கிட்டாரை இரைய விட்டார்கள். மெட்ராஸிலிருந்து போனவர்களின் குழுவுக்குக் 'கன்ஃப்யூஷன்ஸ்' என்று பெயர். தென்னிந்தியர்கள் கட்டிய சபையில் தமிழ்நாட்டுப் பையன்களும் வந்து வாசித்துவிட்டுப் போன இந்தச் செய்தி, நம் சங்கீத வரலாறுகளில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

தட்டில் யார் யார் இருக்கிறார்கள்? ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ். பெங்களூரிலிருந்து டைனோசார்ஸ். கல்கத்தாவிலிருந்து கிரேட் பேர். பம்பாயிலிருந்து வெல்வெட் ஃபாக். இன்னும் சிலர். டைனோசார்ஸ் வாசித்தது கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்கக் குழுவின் 'சினிஸ்டர் பர்ப்பஸ்'. அந்தப் பாட்டு அமெரிக்காவில் தட்டாக வந்ததே 1969இல்தான். வெளிநாட்டுச் சாமான் எதுவும் லைசென்ஸ் இல்லாமல் உள்ளே வர முடியாத நாட்டில், ஓராண்டுக்குள் பெங்களூர்ப் பையன்கள் அதைக் கேட்டு, காதால் பிரித்தெடுத்து, வாசித்துப் பழகிப் போட்டிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஹிப்னாட்டிக் ஐ என்ற குழு, சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃப் 1964இல் பதிவு செய்த 'கில்லிங் ஃப்ளோர்' பாட்டை எடுத்துக்கொண்டது. இப்படி வெளியூர்ப் பாட்டுகளுக்கு நடுவே சொந்தப் பாட்டுகளும் இருக்கின்றன. கன்ஃப்யூஷன்ஸின் 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்' அந்த வகை.

அந்தப் பாட்டைக் கேட்டால் முதலில் வந்து மோதுவது கிட்டார்தான். மலைத்தேனீக் கூட்டைக் கலைத்துவிட்டது போல ஓர் இரைச்சல். ஒவ்வொரு சுரமும் ஓரம் பிசிறிக்கொண்டு வருகிறது. குரல் அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கப் போராடுகிறது. சில இடங்களில் ஏறுகிறது, சில இடங்களில் அமிழ்ந்துவிடுகிறது. பெரிய ஒலிப்பதிவுக்கூடத்தின் பளபளப்பு எதுவும் இல்லை. மேற்கே 'கராஜ் ராக்' என்று பெயர் வாங்கிய சங்கதி இதுதான். அமெரிக்காவில் 1965, 66, 67 ஆண்டுகளில், பீட்டில்ஸைப் பார்த்துக் கிட்டார் வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக் கார் கொட்டகையில் கூடி வாசித்த இசை. வித்தை குறைவு, வேகம் அதிகம். அதோடு எதிரொலியும் ரீங்காரமும் கலந்து, கேட்பவரைக் கிறங்க வைக்கும் நோக்கம் சேர்ந்தபோது 'சைக்கடெலிக்' என்றார்கள். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் இருந்து 'தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' என்ற குழு 1966இல் தன் முதல் எல்.பி.யின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தது.

இந்தப் பாட்டை எங்கள் காரவள்ளியில், ரேடியோ செட் தொழில் பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய், கொல்லிமலையின் ஊர்களுக்கெல்லாம் நோன்பிக்கும் கல்யாணத்துக்கும் ஆம்ப்ளிஃபயரும் குழாயும் கட்டியவர். அரை நிமிடம் கேட்டிருப்பார்.

"பாக்ஸுல காயிதம் கிழிஞ்சிருக்குது தம்பி. இல்லீன்னா வால்யூம முழுசா ஏத்தி உட்டுட்டாங்க."

"கிழியலீங்கய்யா. வேணும்னேதான் அப்படி வாசிக்கறாங்க."

"வேணும்னா? அப்ப சரி, அதுக்கும் ஒரு அளவு வெச்சிருக்காங்க பாரு. மூச்சுத் திணறுது, ஆனா அடைக்கல."

அவர் சொன்ன இரண்டு காரணங்களும் அப்படியே இந்த ஒலியின் வரலாறு. 1958இல் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லிங்க் ரே, 'ரம்பிள்' என்ற வாத்தியப் பதிவுக்காகத் தன் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது, ஒலிக்கலவை மேசையில் ஒரு பாதை பழுதாகிப் போக, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரத்து வந்தது. நன்றாயிருக்கிறதே என்று அப்படியே விட்டார்கள். அந்தப் பழுதைக் காலால் மிதித்தால் வரவழைக்கும் சிறு பெட்டியாக 1962இல் கிப்சன் கம்பெனி 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்று விற்றது. 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடை எடுத்து ஸ்பீக்கர்க் காகிதத்தையே கீறினார். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த மேஸ்ட்ரோ பெட்டியை வைத்து 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டின் முதல் இழையை வாசித்தது. அதன்பின் உலகத்துப் பையன்கள் எல்லோருக்கும் அந்தக் கரகரப்பு வேண்டியிருந்தது.

உள்ளே நடப்பது இதுதான். ஆம்ப்ளிஃபயரின் வால்வு தாங்கக்கூடியதைவிடப் பெரிய அலையை அதற்குள் அனுப்பினால், அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுச் சப்பையாகிவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் மூல சுரத்தோடு அதன் மேல்-சுரங்கள் பலவும் புதிதாகக் கிளம்பும். கிட்டார் ஒற்றைத் தந்தியில் நின்றாலும் கூட்டமாக ஒலிப்பது அதனால்தான். இது நம் காதுக்குப் புதியதே இல்லை. தம்பூராவின் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தில் வைத்தால் நாதம் விரிந்து ரீங்கரிக்கிறதே, அங்கும் தந்தி குதிரையின் மேற்பரப்பை உரசிக்கொண்டு மேல்-சுரங்களை எழுப்புகிறது. வழி வேறு, பலன் அண்ணன் தம்பி. மேற்கத்தியர்கள் 1960களில் அந்த ரீங்காரத்தைத் தேடித்தான் இந்தப் பக்கம் பார்த்தார்கள். 1965இல் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசித்தார். ஸ்பீக்கரைக் கீறிய டேவ் டேவிஸின் அண்ணன் ரே டேவிஸ், பம்பாயில் தங்கியபோது விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு, அதே 1965இல் 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' எழுதினார். 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் ரிஷிகேசமே வந்துவிட்டார்கள். அவர்கள் இங்கே வந்த அதே ஆண்டுகளில் மெட்ராஸ் பையன்கள் அவர்களுடைய கரகரப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் தேடியது ஏறக்குறைய ஒரே ரீங்காரம்.

ஆனால் கருவி? அசல் ஃபெண்டரும் கிப்சனும் இங்கே கனவு. கல்கத்தாவில் செய்த உள்ளூர்க் கிட்டார்கள்தான் பெரும்பாலானவர்கள் கையில். ஆம்ப்ளிஃபயர் என்றால், அரசியல் கூட்டத்துக்கும் திருவிழாவுக்கும் கட்டும் அஹுஜா வகையறா, அல்லது ரேடியோ ரிப்பேர் தெரிந்த நண்பன் வால்வு வாங்கி வீட்டில் கட்டிக்கொடுத்தது. பேச்சுக்காகச் செய்த ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரைச் செருகினால் அது திணறத்தான் செய்யும். அமெரிக்கப் பையன் கடையில் காசு கொடுத்து வாங்கிய கரகரப்பு, இந்தியப் பையனுக்குக் கருவியின் பற்றாக்குறையிலேயே கிடைத்தது. 'சிம்லா பீட்' தட்டுகளைக் கேட்கும் வெளிநாட்டு ரசிகர்கள் அந்த முரட்டுத்தனத்தைக் கொண்டாடுகிறார்கள். சரிதான். ஆனால் அந்த முரட்டுத்தனத்துக்குப் பின்னால் இருந்த கைவேலையையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும் என்பேன். சாலிடரிங் அயனும் கையுமாக ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்த அந்த நண்பர்களின் பெயர் எந்தத் தட்டின் அட்டையிலும் ஏறவில்லை.

இந்தப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள்? மெட்ராஸில் மேற்கத்திய இசைக்கு வேர் ஆழம். மவுண்ட் ரோட்டின் மியூசி மியூசிகல் 1842இல் தொடங்கிய கடை. பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலை என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த இடங்களில் சனிக்கிழமை நடனத்துக்கு பேண்ட் வாசிப்பது வழக்கம். கான்வென்ட், கல்லூரி மாணவர்கள் பிறகு சேர்ந்தார்கள். கேட்க ரேடியோ சிலோன் இருந்தது. 1952க்குப் பிறகு அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டையே ஒதுக்கியதும் நாடே கொழும்பு பக்கம் காதைத் திருப்பியது தெரிந்த கதை. தமிழ்ச் சேவையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம்; அதே நிலையத்தின் ஆங்கிலச் சேவையில்தான் இந்தப் பிள்ளைகள் பாப் பாட்டுகளைக் கற்றார்கள். படிக்க, ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ் கல்கத்தாவிலிருந்து 1967இல் தொடங்கிய 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மேன்' என்ற வார இதழ் இருந்தது. 1977இல் நிற்கும்வரை பீட் குரூப்புகளைத் தொடர்ந்து கவனித்த பத்திரிகை அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

மேடை கொடுத்தது சிகரெட் கம்பெனி என்பதை நான் மெல்ல நகர்த்திவிட்டுப் போக மாட்டேன். சிகரெட்டுப் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்ற சட்டமே 1975இல்தான் வந்தது. புகையிலைக் கம்பெனிகள் நிகழ்ச்சிகளுக்குப் பணம் கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்வதைத் தடுத்த சட்டம் 2003இல். அதற்கு முந்தைய அந்த வெளியில், பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகளின் ஆசையின்மேல் ஒரு புகைப் பொருளின் பெயரை ஒட்டினார்கள். தப்பு அது. அதே சமயம், இதே கம்பெனி 1971இல் ஹிந்துஸ்தானி சங்கீத சம்மேளனத்தையும் தொடங்கியது. அதற்கு மதிப்பும் தொடர்ச்சியும் கிடைத்தன. பீட் போட்டி நின்றபோது, அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க ஒரு சபாகூட இருக்கவில்லை. விளம்பரத்துக்காகக் கட்டிய மேடை விளம்பரத் தேவை முடிந்ததும் பிரிக்கப்படும். அரசும் கல்லூரியும் வானொலியும் கட்டிக்கொடுக்காத மேடையை அந்தப் பையன்கள் கிடைத்த இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் வேறு. இந்தத் தட்டுகளில் பாடுகிறவர்கள் பாடுவது ஆங்கிலம். ஒரு தமிழ் வரி இல்லை, ஷில்லாங்கின் காசி மொழி வரி இல்லை, வங்காளம் இல்லை. துருக்கியைப் பாருங்கள். அங்கே 'ஹுரியெத்' நாளிதழ் 1965இல் 'தங்க மைக்ரோஃபோன்' என்று ஒரு போட்டி தொடங்கியது. எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வைத்துக்கொள், ஆனால் பாட்டு துருக்கி மொழியில் இருக்க வேண்டும், அல்லது நாட்டார் மெட்டை எடுத்துப் புதிதாக வாசிக்க வேண்டும் என்று அழைத்தார்கள். சில ஆண்டுகளே நடந்த போட்டி. அதிலிருந்து 'அனதோலிய ராக்' என்ற ஒரு பெருமரபு எழுந்தது. 1967 போட்டியில் பாடிய ஜெம் கராஜாவை இன்றைக்கும் அங்கே பாட்டிமார் முதல் பேரன்கள் வரை அறிவார்கள். பெருவின் லோஸ் சைகோஸ் குழு 1965இல் லிமா நகரின் லின்சே பகுதியிலிருந்து ஸ்பானிய மொழியில் அலறியது. அங்கே ஒரு தெருமுனையில் அவர்களுக்கு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். கம்போடியாவில் சின் சிசமூத், ரோஸ் செரெய் சோத்தியா போன்றவர்கள் ஃபஸ் கிட்டாரோடு கெமர் மொழியில் பாடினார்கள். 1975இல் ஆட்சிக்கு வந்த கெமர் ரூஜ் அந்தத் தலைமுறையையே அழித்தது. பாட்டு சாகவில்லை, சொந்த மொழியில் இருந்ததால் மக்கள் வாய் அதைக் காப்பாற்றியது.

மெட்ராஸில் 1970இல் யாராவது ஒருவர், ஒரு பத்திரிகையோ ஒரு கல்லூரியோ, தமிழில் ஒன்று பாடுங்கள் என்று கேட்டிருக்கலாம். 1965 மொழிப் போராட்டம் முடிந்து ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. தமிழ் உணர்வு தெருவெல்லாம் நிறைந்திருந்த காலம். தமிழ்ப் பற்றுள்ளவர்கள் இந்தப் பையன்களைப் பிறத்தியாராகப் பார்த்தார்கள். பையன்களும் தமிழை வீட்டு மொழியாக வைத்துக்கொண்டு மேடைக்கு ஆங்கிலத்தை எடுத்துப் போனார்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் அழைக்கவில்லை. காரவள்ளியில் அந்த ஆண்டுகளில் ரேடியோ செட்டுக் குழாயில் கேட்டது எம்.எஸ்.விஸ்வநாதனின் சினிமாப் பாட்டு. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த ஒரு மெட்ராஸ் குழுவின் பாட்டு இங்கே எட்ட வழியே இருக்கவில்லை, எட்டியிருந்தாலும் புரிந்திருக்காது.

சினிமா மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது. 'சர்வர் சுந்தரம்' 1964இல் வந்தது; அதில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டும் பாட்டில் எம்.எஸ்.விஸ்வநாதனும் அவருடைய வாத்தியக்காரர்களும் திரையிலேயே இருக்கிறார்கள். அவர் குழுவில் டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்டைப் பார்த்து வளர்ந்தவர் சிவமணி. பின்னாளில் சிவமணியும் சிறுவயது ஏ.ஆர்.ரஹ்மானும் 'ரூட்ஸ்' என்ற குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். ரஹ்மான் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவையும் மெட்ராஸில் நடத்தினார். இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் ட்ரினிட்டி கல்லூரித் தேர்வெழுதித் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவருடைய பதிவுகளில் சசிதரனின் பேஸ் கிட்டாரும் புருஷோத்தமனின் டிரம்ஸும் எவ்வளவு முக்கியம் என்று இன்றைக்கு ஊர்ப் பிள்ளைகளும் பேசுகிறார்கள். பீட் குரூப்புகளின் தட்டைக் கேட்டு இவர்கள் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் கையில் எடுத்த ஒரு நகரம் அதற்குள் உருவாகியிருந்தது என்கிறேன். அந்த நகரத்தின் ஒரு முனை சண்முகானந்தா மேடைவரை போனது, இன்னொரு முனை கோடம்பாக்கத்துக்குள் போனது.

தட்டுகளின் பின்கதை சுருக்கமானது. பழைய கராஜ் பாட்டுகளைத் தேடிச் சேகரிக்கும் பழக்கத்தை, 1972இல் லென்னி கே தொகுத்த 'நகெட்ஸ்' என்ற இரட்டை எல்.பி. அமெரிக்காவில் பரப்பியது. சேகரிப்பவர்கள் மெல்ல மற்ற நாடுகளுக்கும் கையை நீட்டினார்கள். அப்படித்தான் 'சிம்லா பீட்' தட்டுகள் இரண்டும் ஜெர்மனியிலிருந்து மறுபதிப்பாக வந்தன. பம்பாயின் அடாமிக் ஃபாரஸ்ட் குழு 1981இல் வெளியிட்ட 'அப்செஷன் 77' தட்டும் 2011இல் அமெரிக்காவில் மறுபதிப்புக் கண்டது. சித்தார்த் பாட்டியா 2014இல் இந்தத் தலைமுறையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தமிழில் அப்படி ஒன்று வர வேண்டும். கன்ஃப்யூஷன்ஸ் காலத்து மெட்ராஸில் வாசித்தவர்கள், கேட்டவர்கள், ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பேசச் சொல்லிக் கேட்க வேண்டிய வேளை இதுவே.

அந்தத் தலைமுறையில் ஒருவர் மட்டும் நேர் எதிர்த் திசையில் நடந்தார். மெட்ராஸில் 1948இல் பிறந்த ரமேஷ் சோத்தம், சகோதரர் சுரேஷோடு 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு பெங்களூரில் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனுக்குப் போய்த் தவில் கற்றார். ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி, ஜாஸ் மேடைகளில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் தவிலையும் வைத்து வாசித்தார். ராக் மேடையிலிருந்து தவிலுக்கு அவர் போன வழியை அடுத்த இதழில் பார்ப்போம்.